கருப்பாயியின் இடம்

'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தில் காயத்ரி என்ற ஏழைப் பிராமணப் பெண்ணுக்குக் கருப்பாயி என்று பெயர் மாற்றிப் பொய்யான சாதிச் சான்றிதழ் வாங்கித் தருகிறார்கள். அந்தச் சான்றிதழோடு அவள் படித்து மாவட்ட ஆட்சியராகிறாள். நல்ல ஆட்சியர், மக்களுக்காக உழைக்கிறவர். பிறகு உண்மை வெளிப்பட்டு விசாரணை வருகிறது. ஊர் அவள் பக்கம் நிற்கிறது. வாலி எழுதி, லட்சுமி நடித்து, கே. ஜோதிபாண்டியன் இயக்கிய படம். சாதியை வைத்து அல்ல, வறுமையை வைத்தே இடஒதுக்கீடு இருக்க வேண்டும் என்பது அதன் வாதம். தணிக்கை, உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று 1987 முதல் 1989 வரை அது பட்ட பாட்டைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

படத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வருகிறது. உண்மையான கருப்பாயி எங்கே? காயத்ரி உட்கார்ந்த இடம் வேறொருத்திக்காக ஒதுக்கப்பட்டது. அந்த வேறொருத்தி ஏதோ ஒரு சேரியில், ஏதோ ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பாள். பட்டியலில் ஒரு பெயர் தள்ளி நின்றிருப்பாள். அவளுக்கு முகமில்லை, ஒரு வசனம்கூட இல்லை. அவளுடைய பெயரை மட்டும் கதை எடுத்துக்கொண்டது.

இதை நான் தமிழ்நாட்டில் இருந்து கேட்கவில்லை. மிங்கலாடோனில் இருந்து கேட்கிறேன். ரங்கூனின் வடக்கே விமான நிலையமும் ராணுவக் குடியிருப்புகளும் தொழிற்பேட்டைகளும் சேர்ந்த பகுதி இது. இன்னும் வடக்கே போனால் தௌச்சான் போர்க் கல்லறை. அங்கே, உடல் கிடைக்காமல் போன ஏறத்தாழ 27,000 படைவீரர்களின் பெயர்களைத் தூண்களில் பொறித்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையில் வந்தவர்களின் பெயர்களும் அவற்றில் ஏராளம். ரங்கூனின் இரண்டாவது மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் மிங்கலாடோனில்தான், 1963இல், ராணுவ மருத்துவமனையை ஒட்டி. பின்னாளில் அது வடக்கு ஒக்கலாப்பாவுக்குப் போய்விட்டது. 1992இல் ராணுவத்துக்கென்றே ஒரு மருத்துவக் கல்லூரி இங்கே வந்தது. ஆக, மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைக்கு மிங்கலாடோன் அறுபது ஆண்டுகளாகத் தெரிந்த பெயர்.

மிங்கலாடோனில் அந்த மருத்துவக் கல்லூரி தொடங்கிய மறு ஆண்டு, 1964 மார்ச்சில், கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. மே மாதத்தில் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாமல் போயின. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுப் போனார்கள். பெரும்பாலோர் கப்பலில் போனார்கள். விமானத்தில் போக முடிந்தவர்கள் எங்கள் மிங்கலாடோனில் ஏறினார்கள். 1965இல் தனியார் பள்ளிகளும் அரசுக்குப் போயின, தமிழ்ப் பிள்ளைகள் படித்த பள்ளிகளும் அவற்றோடு சேர்ந்தே போயின. போகாமல் இருந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள்.

இருந்தவர்களை வகைப்படுத்த 1982 அக்டோபரில் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1823க்கு முன்பே இந்த மண்ணில் குடியேறியிருந்த இனங்களைச் சேர்ந்தவர்கள் முழுக் குடிமக்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள் இணைக் குடிமக்கள். சுதந்திரத்துக்கு முன்பு வந்ததை நிரூபிக்க முடிந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இயல்புரிமைக் குடிமக்கள். பின்னர் அட்டைகள் வந்தன: இளஞ்சிவப்பு, நீலம், பச்சை. அட்டையில் இனம் என்றும் மதம் என்றும் இடம் விட்டு எழுதியிருக்கும். முழுக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு மருத்துவம், தொழில்நுட்பம் போன்ற உயர்படிப்புகள் அடைபட்டன.

என் அக்கா பத்தாம் வகுப்பில் நான்கு பாடங்களில் டிஸ்டிங்ஷன் வாங்கியவள். எங்கள் பர்மாவில் அப்போது பத்தாம் வகுப்புத் தேர்வுதான் கல்லூரிக்கு வாசலாக இருந்தது. அப்பாவிடம் இருந்தது வெளிநாட்டவர் பதிவுச் சீட்டு. விண்ணப்பத்தை வாங்கிய அலுவலர் கோபமாகக்கூடப் பேசவில்லை. சீட்டைப் பார்த்தார், விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார், அடுத்தவரைக் கூப்பிட்டார். அக்கா அஞ்சல் வழியில் பட்டம் வாங்கினாள். இன்றைக்கும் வீட்டில் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித்தருகிறாள். அவளிடம் படித்த சிலர் மருத்துவர்களாகியிருக்கிறார்கள்.

இந்த அனுபவத்தோடு தமிழ்நாட்டின் இடஒதுக்கீட்டுச் சண்டைகளைப் படித்தால் வேறு மாதிரி தெரிகிறது. அங்கேயும் பிறப்பைக் காட்டும் ஒரு தாளைத்தான் நீட்டச் சொல்கிறார்கள். இங்கே அந்தத் தாள் பிறப்பைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது. அங்கே, உன் பாட்டனைப் பள்ளிக்குள் விடவில்லை என்பது எங்களுக்குத் தெரியும், ஆகவே உள்ளே வா என்று ஓர் அரசு சொல்கிறது. தாளைக் கேட்பதில் மட்டும்தான் இரண்டும் ஒன்று. இந்த வேறுபாட்டை உள்ளேயே இருக்கிறவர்களால் சில நேரம் பார்க்க முடிவதில்லை. சாதிச் சான்றிதழே சாதியை வளர்க்கிறது என்று படித்தவர்கள் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சான்றிதழ் வருவதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே சாதிக்குத் தன் ஆட்களை அடையாளம் தெரிந்திருந்தது.

தமிழ்நாட்டின் கதையும் ஒரு மருத்துவ இடத்தில்தான் திரும்பியது. நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் வந்த வகுப்புவாரி ஆணை, 1920களின் இறுதியில் எஸ். முத்தையா முதலியார் முயற்சியால் நடைமுறைக்கு வந்தது. 1947இல் அதைத் திருத்தினார்கள். 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1. இந்த ஆணையால் தனக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்று செண்பகம் துரைராஜன் சென்னை உயர் நீதிமன்றம் போனார். 1950இல் வென்றார். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அவர் கல்லூரியில் சேர விண்ணப்பிக்கவே இல்லை என்பதை அந்தத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. தமிழகத்தில் கிளர்ச்சி எழுந்தது. பெரியார் முன்னின்றார். அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) பிரிவு அப்படிப் பிறந்தது.

அந்த வழக்கில் யாருக்கு இழப்பு என்பது ஒரு பெயராக, ஒரு மனிதராக நீதிமன்றத்தின் முன் நின்றது. அந்த ஆணை இல்லாதிருந்தால் கல்லூரிப் படியே ஏறியிருக்க முடியாத பிள்ளைகள் வழக்கில் எண்களாக மட்டுமே இருந்தார்கள். இரண்டு இடம், ஆறு இடம். எதிரில் ஒரு தனிமனிதரின் மதிப்பெண்ணும் ஏமாற்றமும். கண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்பது அமைப்பிலேயே தீர்மானமாகிவிடுகிறது. சினிமா இந்த அமைப்பைத்தான் அப்படியே எடுத்துக்கொண்டது.

'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்கைப் பற்றி என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். படத்துக்குத் தணிக்கைக் குழு முதலில் மறுத்துப் பிறகு 'யு' சான்றிதழ் கொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. 1989 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிப் படத்தைத் திரையிட வழிவிட்டது. இடஒதுக்கீட்டை எதிர்த்துப் பேசவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்றது. கலவரம் வரும் என்று பயந்து பேச்சை அடக்குவது அரசின் வேலை அல்ல, கலவரத்தை அடக்குவதுதான் அதன் வேலை என்ற பொருளில் எழுதியது. இந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். பேசியதற்காக மனிதர்கள் காணாமல் போகும் ஊரில் வாழ்கிறவன் வேறு எப்படி நினைக்க முடியும்? அந்தப் படம் வெளிவர வேண்டும், அதன் வாதத்தில் யார் இல்லை என்பதையும் உரக்கச் சொல்ல வேண்டும்.

2011இல் பிரகாஷ் ஜாவின் 'ஆரக்ஷண்' என்ற இந்திப் படம் வந்தபோது அதே காட்சி மறுபடி நடந்தது. உத்தரப் பிரதேசம், பஞ்சாப், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்கள் தடை விதித்தன. பஞ்சாபும் ஆந்திரமும் பிறகு விலக்கிக்கொண்டன. உத்தரப் பிரதேசத் தடையை ஒரே வாரத்தில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. 1989 தீர்ப்பு அதற்கு வழிகாட்டியாக இருந்தது.

அந்தப் படத்தின் தொடக்கத்தில் ஒரு நல்ல காட்சி உண்டு. தலித் இளைஞன் தீபக் குமாராக நடிக்கும் சைஃப் அலி கான் ஒரு வேலைக்கான நேர்காணலுக்குப் போகிறான். அவனுடைய படிப்பை விட்டுவிட்டு அவனுடைய குடும்பத்தையும் பின்னணியையும் கேட்கிறார்கள். கேள்வி கேட்பவர்களின் முகத்தில் உள்ள மரியாதை, அதன் கீழே ஓடும் அருவருப்பு, இரண்டையும் படம் நேராகப் பிடித்திருக்கிறது. ஆனால் படம் அவனுடையது அல்ல. அமிதாப் பச்சன் நடிக்கும் கல்லூரி முதல்வர் பிரபாகர் ஆனந்தின் படம் அது. மத்தியக் கல்வி நிறுவனங்களில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு செல்லும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் கல்லூரி இரண்டாகப் பிளக்கிறது. முதல்வர் ஒதுக்கீட்டுக்கு ஆதரவாகப் பேசிப் பதவியை இழக்கிறார். அங்கிருந்து கதை திரும்பிவிடுகிறது. மனோஜ் பாஜ்பாய் நடத்தும் வணிகப் பயிற்சி நிலையத்துக்கு எதிராக, ஒரு மாட்டுத் தொழுவத்தில் முதல்வர் இலவச வகுப்பு எடுக்கிறார். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வந்து உட்கார்கிறார்கள். முடிவில் நிறுவனராக ஹேமமாலினி வந்து நின்றதும் எல்லாம் சரியாகிறது.

தனியார் பயிற்சி நிலையங்களின் கொள்ளை உண்மையான சிக்கல்தான். நீட் என்ற மருத்துவ நுழைவுத்தேர்வு வந்தபிறகு தமிழ்நாட்டுக்கு அது வேண்டிய மட்டும் தெரியும். ஆனாலும் படம் ஒரு கேள்வியை எழுப்பிவிட்டு இன்னொரு கேள்விக்கு விடை சொல்கிறது. உரிமை பற்றிய வழக்கு ஒரு பெரியவரின் நல்ல மனத்தில் கரைந்துபோகிறது. தொழுவத்தில் பாடம் நடத்தும் ஆசிரியர் வணக்கத்துக்குரியவர், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் இறந்தபிறகு? அவர் நாளைக்கு மனம் மாறினால்? என் அக்காவின் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தவரும் கெட்ட மனிதர் அல்ல. ஒரு நல்ல அலுவலர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருந்தால் அவள் மருத்துவராகியிருக்கலாம். அது அந்த அலுவலரின் கருணையாக இருந்திருக்கும். அடுத்த ஆண்டு வேறொரு பிள்ளைக்கு அது உதவியிருக்காது.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' 2018இல் வந்தது. அது இடஒதுக்கீட்டைப் பற்றி வாதாடும் படமே அல்ல. ஆனால் இந்த விஷயத்தில் மேலே சொன்ன இரண்டு படங்களும் செய்யாததை அது செய்திருக்கிறது. திருநெல்வேலி அரசுச் சட்டக் கல்லூரிக்குள் நுழைந்துவிட்ட பரியன் என்ற ஒருவன், நுழைந்த பிறகு என்ன ஆகிறான் என்று பார்க்கிறது. ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் புரியாமல் அவன் உட்கார்ந்திருக்கிறான். வகுப்பில் அவமானம், நண்பியின் வீட்டுத் திருமணத்தில் அதைவிடப் பெரிய அவமானம். பெண் வேடமிட்டு ஆடும் கலைஞரான அவன் அப்பாவைக் கல்லூரி வாசலிலேயே விரட்டுகிறார்கள். இடம் கிடைத்ததும் சமத்துவம் வந்துவிடுவதில்லை. அங்கிருந்துதான் நீண்ட சண்டை தொடங்குகிறது.

அந்தப் படத்திலும் ஒரு முதல்வர் வருகிறார். பூ ராமு நடித்திருப்பார். அவர் பரியனுக்குப் பரிந்து பேசுவதற்குக் காரணம் அவருடைய பெருந்தன்மை அல்ல. அவரும் இதே அவமானங்களைத் தாண்டி அந்த நாற்காலிக்கு வந்தவர். ஒரு காலத்தில் அவரை ஒதுக்கியவர்கள் இன்று அவர் முன்னால் எழுந்து நிற்கிறார்கள். பிரபாகர் ஆனந்தையும் இவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒருவர் கதவைத் திறந்துவிடும் பெரிய மனிதர். மற்றவர் அதே கதவு வழியாக வந்து, பின்னால் வருகிறவனுக்காக நிற்பவர். இடஒதுக்கீடு ஒரு சமூகத்துக்குச் செய்யும் மிகப்பெரிய காரியம் இந்த இரண்டாவது மனிதரை உண்டாக்குவதுதான் என்று நினைக்கிறேன். மதிப்பெண் பட்டியலில் அது தெரியாது. ஒரு தலைமுறை கழித்து முதல்வர் அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதில் தெரியும்.

இதற்கு ஈழத்திலிருந்து ஒரு கடுமையான மறுப்பு வரும், அதைத் தாண்டிப் போக முடியாது. 1970–71 பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ் மொழி மாணவர்கள் 250 புள்ளிகள் எடுக்க வேண்டியிருந்தது, சிங்கள மொழி மாணவர்களுக்கு 229 போதும். அடுத்து தரப்படுத்தல் வந்தது, 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. ஒரு தலைமுறை இளைஞர்களின் கோபத்துக்கு அது விதையானது. பின்தங்கியோருக்கு நீதி என்ற பெயரில்தான் அதைச் செய்தார்கள். அப்படியென்றால் ஒதுக்கீடு என்பதே வலியவர் கையில் உள்ள கருவிதானா?

நான் இதை நெடுநாள் யோசித்திருக்கிறேன். மொழியை வைத்து 21 புள்ளி கூட்டிக் கேட்டது பெரும்பான்மை தனக்குத் தானே செய்துகொண்ட சலுகை. அதை நியாயப்படுத்த எதுவும் இல்லை. மாவட்ட ஒதுக்கீடு அவ்வளவு எளிதானது அல்ல. மன்னார், வவுனியா, மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு அது முதல்முறையாக வழி திறந்தது, அவர்களிலும் தமிழர் உண்டு. யாழ்ப்பாணத்தின் உள்ளே வேறொரு கணக்கும் இருந்தது. 1930 வாக்கில், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பள்ளியில் சமமாக உட்காரலாம் என்று அரசு சொன்னதும் அங்கே பள்ளிகள் கொளுத்தப்பட்டன. மதிப்பெண்ணால் மட்டுமே முன்னேறினோம் என்று பெருமைப்பட்ட சமூகம், தன் பஞ்சமர் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தத் தேர்வு மேசை வரை வந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கவில்லை. அடக்கப்பட்ட இனத்துக்குள் அடக்கப்பட்டவர்களை யாரும் படமாக எடுக்காததால் அவர்கள் இல்லாமல் போய்விட மாட்டார்கள்.

மியன்மாரிலும் வலியவருக்கான ஒதுக்கீடு ஒன்று இருந்தது. மருத்துவக் கல்லூரிகளில் பெண்கள் மிகுந்துவிடுகிறார்கள் என்று, பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதல் மதிப்பெண் எல்லை வைத்திருந்தார்கள். அப்போது திறமை பற்றிப் பேசியவர்கள் குறைவு. ஒதுக்கீட்டை நான் எடை போடுவது இப்படித்தான்: அந்த நாட்டில் ஏற்கெனவே நாற்காலியில் இருக்கிறவர்களுக்கு அது மேலும் ஒரு நாற்காலி தருகிறதா, தரையில் இருக்கிறவர்களுக்குத் தருகிறதா?

தமிழ்நாட்டின் 69 விழுக்காடு, 1994இல் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைக்குள் போய்ப் பாதுகாப்புப் பெற்றது. பிற்படுத்தப்பட்டோர் 30, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, ஆதிதிராவிடர் 18, பழங்குடியினர் 1. 2009இல் ஆதிதிராவிடருக்கான 18க்குள் அருந்ததியருக்கு 3 தனியாகப் பிரிக்கப்பட்டது. 2020இல் நீட் தேறிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு வந்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்பு, பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்த அரியலூர் மாவட்டத்து அனிதா, நீட்டால் மருத்துவ இடம் இல்லாமல் போய், உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்று, இறந்துபோனார். தலித் சமூகத்தவர், சுமைதூக்கும் தொழிலாளியின் மகள். ஒதுக்கீட்டையும் மதிப்பெண்ணையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுகிறவர்கள் அவரை எந்தப் பக்கம் நிறுத்துவார்கள்? இரண்டும் அவரிடம் இருந்தன. வாசலை மாற்றிவிட்டார்கள்.

சான்றிதழுக்கே திரும்ப வருகிறேன். காயத்ரிக்குப் பொய்ச் சான்றிதழ் கிடைப்பது கதையில் ஒரு சின்ன வேலை. யாரோ இரக்கப்படுகிறார், வாங்கித் தந்துவிடுகிறார். வெளியே நடப்பது வேறு. பர்மாவிலிருந்தும் இலங்கைத் தோட்டங்களிலிருந்தும் திரும்பிப் போன குடும்பங்களுக்கு, பூர்வீக ஊர் எது, அங்கே உன்னை யாருக்குத் தெரியும் என்ற கேள்விக்கு விடை சொல்வதே பெரும்பாடு. மூன்று தலைமுறைக்கு முன்பு பாட்டன் ஊரைவிட்டு ஓடிவந்ததே அந்தச் சாதியை ஞாபகப்படுத்தும் ஊரிலிருந்து தப்பத்தான். பேரன் அங்கேயே போய், நாங்கள் இன்ன சாதிதான் என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டு நிற்க வேண்டும். பழங்குடியினர் நிலை இதைவிடக் கடினம். காட்டுநாயக்கர், குறுமன்ஸ், கொண்டாரெட்டி குடும்பங்களின் பிள்ளைகள் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்து நடந்து கல்லூரி சேரும் தேதியைத் தவறவிடுகிறார்கள். நீ பழங்குடி மாதிரி இல்லையே என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. நரிக்குறவர்கள் பட்டியலில் சேருவதற்கு 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பொய்க் கருப்பாயிக்கு ஒரு காட்சியில் கிடைத்த தாள் உண்மையான கருப்பாயிக்குப் பல ஆண்டுகள் கிடைப்பதில்லை. யாராவது அந்த அலுவலக வராண்டாவில் கேமராவை வைத்து, அவளுடைய பக்கமிருந்து இரண்டரை மணி நேரப் படம் எடுக்கட்டும். விசாரணை உண்டு, பொய்யாக இருக்குமோ என்ற சந்தேகம் உண்டு, சாட்சிகள் உண்டு, கடைசித் தேதி உண்டு. கதைக்கு வேண்டிய எல்லாம் அங்கேயே இருக்கிறது. அந்தப் படம் வந்தால் ரங்கூனில் நாங்கள் எப்படியாவது தேடிப் பார்த்துவிடுவோம். அக்காவிடம் முதலில் சொல்வேன்.